கத்திரி வெயிலில் நெடும்பயணம்: காரில் எதை எங்கே வைப்பது

சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்குச் சுமார் 700 கிலோமீட்டர். மே மாதம். ஒரு ஹேட்ச்பேக் அல்லது சிறிய செடான், உள்ளே பெரியவர்கள் நான்கு பேர், ஒரு குழந்தை. கீழே வரும் கணக்கெல்லாம் இந்தப் பயணத்துக்கானது. ராமேசுவரமோ மூணாறோ, ஊர் மாறினாலும் சாமான் ஏற்றும் முறை பெரிதாக மாறாது.

காலையில் மூடிய டிக்கியை ராத்திரி தங்கும் இடத்தில்தான் திறக்க வேண்டும். எதை எங்கே வைப்பது என்ற குழப்பம் வரும்போதெல்லாம் இதை வைத்து முடிவெடுங்கள். வழியில் தேவைப்படுவது டிக்கிக்குள் போகக்கூடாது. வழியில் தேவைப்படாதது இருக்கைப் பக்கம் வரக்கூடாது. மதியம் ஒரு மணிக்கு விராலிமலை தாண்டி, நிழலே இல்லாத சாலையோரத்தில், குழந்தையின் மாற்று உடைக்காக மூன்று பைகளை இறக்கித் தரையில் வைக்க நேர்ந்தால், அன்று காலை சாமான் ஏற்றியது சரியில்லை என்று அர்த்தம்.

முதலில் எடை

டிக்கியில் இடம் இருக்கிறது என்பதற்காக எல்லாவற்றையும் ஏற்றிவிட முடியாது. கார் கையேட்டில் காலி எடையும், ஆளும் சாமானும் சேர்ந்த அதிகபட்ச மொத்த எடையும் இருக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்கள் கார் சுமக்கக்கூடியது. சிறிய கார்களில் இது பெரும்பாலும் 400 முதல் 450 கிலோ. தலைக்கு 65 கிலோ என்று நான்கு பெரியவர்கள் உட்கார்ந்தாலே 260 போய்விடும், குழந்தையின் எடை தனி. மிச்சம் நூறு கிலோ சொச்சம். அதில் 20 லிட்டர் தண்ணீர் கேன் ஒன்று 20 கிலோவுக்கு மேல், நிரப்பிய பெரிய சூட்கேஸ் இன்னொரு 20 கிலோ. சிஎன்ஜி கார் என்றால் பெரும்பாலும் சிலிண்டரே டிக்கியில் பாதிக்கு மேல் அடைத்துக்கொண்டிருக்கும். கையேட்டில் சிஎன்ஜி மாடலுக்கு உரிய எண்களைப் பாருங்கள்.

ஹேட்ச்பேக் டிக்கிகள் பெரும்பாலும் 260 முதல் 320 லிட்டர். டிசையர் போன்ற சிறிய செடானில் 380 பக்கம். எர்டிகாவில் மூன்றாவது வரிசையில் ஆள் உட்கார்ந்தால் மிஞ்சுவது 209 லிட்டர்தான். ஏழு பேர் வண்டி என்று நம்பி ஏழு பேர் சாமானையும் கொண்டுவந்து நிறுத்தினால் அங்கேதான் சண்டை ஆரம்பிக்கும்.

கெட்டி ஓடு போட்ட டிராலி சூட்கேஸை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். சக்கரத்துக்கும் கைப்பிடிக்கும் இடம் போவது ஒரு பக்கம். வளைந்த டிக்கிச் சுவரோடு அது ஒட்டி உட்காராது என்பதுதான் பெரிய நஷ்டம். துணிப்பைகள் அமுங்கும், சந்துக்குள் நுழையும். ஆளுக்கு ஒரு பை என்று பிரிப்பதைவிட, ராத்திரிக்கு ஒரு பை என்று பிரிப்பது நல்லது. முதல் நாள் மதுரையில் தங்கினால், அந்த ஒரு ராத்திரிக்கு எல்லோருக்கும் வேண்டிய துணி, பல் விளக்கும் சாமான், சார்ஜர் எல்லாம் ஒரே பையில். அதை மட்டும் இறக்கினால் போதும், மற்றவை கன்னியாகுமரி வரை அசையாது.

ஸ்டெப்னியும் கருவிகளும்

பல ஹேட்ச்பேக்குகளிலும் செடான்களிலும் ஸ்டெப்னி டிக்கித் தளத்துக்கு அடியில்தான் இருக்கிறது. அதாவது, பஞ்சர் ஆனால் நீங்கள் அடுக்கியதெல்லாம் வெளியே வர வேண்டும். இதைத் தவிர்க்க முடியாது, வேதனையைக் குறைக்கலாம். சாமான் ஏற்றுவதற்கு முந்தின நாள் ஸ்டெப்னியை வெளியே எடுத்துக் காற்று பாருங்கள். வாங்கிய நாளிலிருந்து காற்றே பார்க்காத ஸ்டெப்னிகள் ஊரில் ஏராளம். டயர் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும்: 2319 என்றால் 2019-ம் ஆண்டின் 23-ம் வாரம் தயாரானது. ஓடாமல் கிடந்தாலும் ரப்பர் காய்ந்து வெடிப்பு விடும். ஆறு வருடம் தாண்டிய டயரை நம்பி நெடுஞ்சாலையில் இறங்க வேண்டாம். ஸ்டெப்னி மற்ற டயர்களைவிடச் சிறியதாக இருந்தால் அதில் வேக வரம்பு எழுதியிருக்கும். பெரும்பாலும் 80 கிலோமீட்டர். மாட்டிய பிறகு அடுத்த பஞ்சர் கடை வரைக்கும் ஓட்டத்தான் அது.

ஜாக்கி, வீல் ஸ்பேனர், இழுவைக் கொக்கி, முக்கோண எச்சரிக்கைப் பலகை ஆகியவற்றைத் தளத்துக்கு அடியிலிருந்து எடுத்து ஒரு துணிப்பையில் போட்டு, டிக்கிக் கதவை ஒட்டிக் கடைசியாக வையுங்கள். கூடவே காற்றடிக்கும் சிறிய பம்ப், டார்ச், பழைய பாய் அல்லது சாக்கு ஒன்று, ஒரு ஜோடி கையுறை. மே மாதத் தார்ச்சாலையில் வெறும் முழங்காலை ஊன்ற முடியாது, சாக்கு அதற்குத்தான். பம்பின் ஒயர் பின் டயர் வரை எட்டுகிறதா என்று வீட்டிலேயே பார்த்துவிடுங்கள். ஆணிக் குத்தாக இருந்து காற்று மெதுவாக இறங்கினால், ஸ்டெப்னியைத் தொடாமல் காற்றை மட்டும் ஏற்றிக்கொண்டு பஞ்சர் கடை வரை போய்விடலாம். டிக்கியைக் காலி செய்யும் வேலையே மிச்சம்.

அலாய் வீலில் பூட்டு நட் போட்டிருந்தால் அதற்குரிய சாவி எங்கே என்று தேடி இந்தப் பையில் போடுங்கள். எர்டிகா, இன்னோவா வண்டிகளில் ஸ்டெப்னி பின்புறம் வண்டிக்கு அடியில் தொங்கும். டிக்கியைக் காலி செய்ய வேண்டியதில்லை, ஆனால் அதை இறக்கும் கம்பியும் திருகும் துளையும் எங்கே என்று ஒருமுறையாவது இறக்கிப் பார்த்தால்தான் தெரியும். துருப்பிடித்து இறுகியிருப்பதும் அப்போதுதான் தெரியவரும்.

டிக்கியில் அடுக்கும் வரிசை

கனமானது கீழே, பின் இருக்கையின் முதுகை ஒட்டி. மளிகை, புத்தகம், இரும்புச் சாமான் எல்லாம் அங்கே. எடை டிக்கிக் கதவை ஒட்டிக் குவிந்தால் அது பின் சக்கரங்களுக்கும் பின்னால் தொங்கும் சுமை. பின்பக்கம் அமுங்கி முன்பக்கம் லேசாகிவிடும். ஸ்டியரிங் பிடிப்பு குறையும், முன் விளக்கு எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும், வேகத்தடையில் அடிப்பாகம் உரசும்.

கனத்துக்கு மேலே துணிப்பைகள். சக்கர வளைவுக்குப் பக்கத்தில் உள்ள குழிகளில் செருப்பு, துண்டு, உருண்டு ஓடக்கூடிய சின்னச் சாமான்கள். கதவுப் பக்கம் ராத்திரிப் பை, அதற்கும் முன்னால் கருவிப் பை. பெட்ஷீட்டும் தலையணையும் பையில் திணிக்கவே வேண்டாம். இடுக்குகளை அடைக்க அவைதான் நல்லவை, சாமான் ஆடாமலும் இருக்கும்.

ஹேட்ச்பேக்கில் பின் இருக்கையின் முதுகு உயரத்துக்கு மேல் எதுவும் போகக்கூடாது. கண்ணாடியில் பின்னால் வரும் பஸ் தெரியாது என்பது ஒரு காரணம். இன்னொன்று: 80 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி சட்டென்று நின்றால், கட்டாத சாமான் அதே 80-ல் முன்னால் வரும். பின் கண்ணாடிக்குக் கீழுள்ள பலகையில் வைத்த டிபன் கேரியர் நேராகப் பின்னால் உட்கார்ந்திருப்பவர் தலைக்குத்தான் போகும். அந்தப் பலகையில் கைக்குட்டையைவிடக் கனமானது எதையும் வைக்காதீர்கள். பின் இருக்கையை மடித்துச் சாமான் ஏற்றுபவர்களுக்கு முதுகுத் தடுப்பே இருக்காது. தளத்திலோ பக்கச் சுவரிலோ உள்ள கொக்கிகளில் கயிறோ வலையோ போட்டு இழுத்துக் கட்டியே ஆக வேண்டும். பிரித்து மடக்கும் இருக்கையை நிமிர்த்திய பிறகு ‘டக்’ என்று பூட்டு விழுந்ததா என்று இழுத்துப் பாருங்கள்.

செடான் வைத்திருப்பவர்கள் ஒன்றை மறந்துவிடுவார்கள்: டிக்கிக்கு ஏசி கிடையாது. கத்திரி வெயிலில் அது அடுப்படி போலத்தான். உணவு, மருந்து, சாக்லேட், பவர் பேங்க், சென்ட் பாட்டில் எதுவும் அங்கே வேண்டாம்.

இருக்கைப் பக்கம்

ஓட்டுநர் காலடியில் ஒரு பொருளும் இருக்கக்கூடாது. உருண்டு வந்த தண்ணீர் பாட்டில் பிரேக் மிதிக்கு அடியில் சிக்கினால் மிதி இறங்காது. கழற்றிப் போட்ட செருப்பும் அப்படித்தான். ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் வைப்பதும் சரிவில் முன்னால் வரும் என்பதால் அங்கேயும் வேண்டாம். முன் பயணி இருக்கைக்கு அடியில் பை திணிப்பதற்கு முன்னால் குனிந்து பாருங்கள்: சில வண்டிகளில் பின் வரிசைக்குக் காற்று போகும் குழாய் வாய் அங்கேதான் இருக்கும். அதை அடைத்துவிட்டு, பின்னால் ஏசியே வரவில்லை என்று மெக்கானிக்கிடம் போவதில் பயனில்லை.

கையுறைப் பெட்டியில் (குளோவ் பாக்ஸ்) ஆர்சி, இன்ஷூரன்ஸ், புகைச் சான்றிதழ் நகல்கள் (டிஜிலாக்கரில் இருந்தாலும் போன் சார்ஜ் இறங்கும்), டயர் காற்று அளக்கும் கேஜ், கொஞ்சம் சில்லறை. ஃபாஸ்டேக் இருப்பை முந்தின நாளே பார்த்துவிடுங்கள். பரனூர் சுங்கச்சாவடியில் நின்றுகொண்டு ரீசார்ஜ் செய்வது பின்னால் நிற்பவர்களுக்கும் தண்டனை.

பின் இருக்கையில் உட்காரும் பெரியவர் ஒருவரின் கைக்கு எட்டும் தூரத்தில் ஒரு துணிப்பை. அதில் ஈரத் துண்டு, குழந்தைக்கு ஒரு மாற்று உடை, டிஷ்யூ, குப்பைக் கவர், நார்த்தங்காய் ஊறுகாய் அல்லது எலுமிச்சம்பழம், வாந்திக் கவர்கள். கவர் ஓட்டை இல்லாததாக இருக்க வேண்டும். ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு போட்டு, உள்ளே மடித்த செய்தித்தாள் ஒன்றைப் போட்டுவையுங்கள், ஈரத்தை இழுத்துக்கொள்ளும். இந்தப் பையில் தேடிக் கவரை எடுப்பதற்குள் காரியம் முடிந்துவிடும் என்பதால், முன் இருக்கையின் பின்புறப் பையில் தனியாக இரண்டு கவர் இருக்கட்டும்.

தண்ணீரும் சாப்பாடும்

இந்த வெயிலில் தலைக்கு மூன்று லிட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். ஐந்து பேருக்குப் பதினைந்து லிட்டர். எல்லாவற்றையும் வீட்டிலிருந்தே சுமக்க வேண்டியதில்லை. ஆளுக்கு ஒரு லிட்டர் ஸ்டீல் பாட்டில், கூடவே குழாய் வைத்த ஐந்து லிட்டர் கேன் ஒன்று போதும், வழியில் நிரப்பிக்கொள்ளலாம். கேன் முன் பயணிக்குப் பின்னால் காலடியில், சாயாதபடி பையோடு ஒட்டி நிற்க வேண்டும். ரேடியேட்டருக்கு ஒரு லிட்டர் கூலன்ட் தனியாக இருக்கட்டும். சூடான எஞ்சினில் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் பீறிடும். அரை மணி நேரமாவது ஆற வேண்டும்.

ஐஸ் பெட்டிக்குக் கடையில் வாங்கும் ஐஸ் கட்டியைவிட வீட்டில் உறையவைத்த தண்ணீர் பாட்டில் மேல். உருகினாலும் பெட்டி நனையாது, பிறகு குடிக்கவும் ஆகும். பாட்டிலை முழுக்க நிரப்பாதீர்கள். உறையும்போது தண்ணீர் பத்தில் ஒரு பங்கு பெருக்கும், பாட்டில் வெடிக்கும். சின்னத் துண்டுகளைவிடப் பெரிய கட்டி மெதுவாக உருகும் என்பதால் அரை லிட்டர் பாட்டில் நாலைவிட இரண்டு லிட்டர் பாட்டில் ஒன்று நல்லது. பெட்டியை முந்தின ராத்திரியே ஒரு ஐஸ் பாட்டில் போட்டுக் குளிரவைத்து, காலையில் புது பாட்டில் மாற்றுங்கள். சூடான பெட்டிக்குள் வைத்த ஐஸ், பெட்டியைக் குளிர்விப்பதிலேயே பாதி கரைந்துவிடும். குடிதண்ணீரை இதில் வைக்காதீர்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை திறந்தால் மதியத்துக்குள் வெதுவெதுப்புதான் மிஞ்சும்.

காலைக்கு இட்லி. ஆறிய பிறகு இரண்டு பக்கமும் மிளகாய்ப் பொடியும் நல்லெண்ணெயும் தடவி, வாட்டிய வாழையிலையில் கட்ட வேண்டும். சூட்டோடு கட்டினால் ஆவி நீராகி இட்லி பிசுபிசுக்கும். தேங்காய்ச் சட்னி வேண்டவே வேண்டாம். இந்த வெயிலில் மிக வேகமாகக் கெடுவது அதுதான்.

மதியத்துக்குப் புளியோதரையும் தயிர்சாதமும். புளியோதரைக்கு உதிரியாக வடித்த சாதத்தைத் தாம்பாளத்தில் பரப்பி, நல்லெண்ணெய் விட்டு முழுக்க ஆறவிட்டுத்தான் புளிக்காய்ச்சலைக் கிளற வேண்டும். அது ராத்திரி வரைகூடத் தாங்கும். தயிர்சாதத்தில் தயிர் பெயருக்குத்தான்: ஒரு கப் அரிசியைக் குழைய வேகவைத்து, சூட்டோடு மசித்து, காய்ச்சிய பால் இரண்டு கப் ஊற்றி, வெதுவெதுப்பாக ஆறியதும் ஒரு டீஸ்பூன் தயிர் மட்டும் விடுங்கள். விடியற்காலை கிளம்பும் முன் பிசைந்தால் மதியம் சரியாகத் தோய்ந்திருக்கும். தாளித்த இஞ்சி, கறிவேப்பிலை சரி. பச்சை வெங்காயமும் வெள்ளரித் துண்டும் தண்ணீர் விட்டுப் புளிக்கவைக்கும். பாத்திரத்தில் முக்கால் பங்குதான் நிரப்ப வேண்டும்.

கொறிக்க வறுத்த வேர்க்கடலை, முறுக்கு, முழு வெள்ளரிக்காய். சிப்ஸ் பாக்கெட் குழந்தைக்குத் தாகத்தைத்தான் கூட்டும். நன்றாகப் பழுத்த வாழைப்பழம் மூடிய காருக்குள் நாலு மணி நேரத்தில் கறுத்து, அந்த வாசனையே வாந்தியைக் கிளப்பும். காயாக இருப்பதைப் பார்த்து எடுங்கள். சாப்பாட்டுப் பை பின் இருக்கைக் காலடியில், வெயில் விழாத பக்கம். காலையில் தெற்கே போகும்போது வெயில் இடது பக்கம், மதியத்துக்குப் பிறகு வலது பக்கம். சாப்பிட நிறுத்தும்போது பையை இடம் மாற்றிக்கொள்ளலாம்.

மருந்து

இன்சுலின் எடுத்துக்கொள்பவர் இருந்தால் அதுதான் முதலில் யோசிக்க வேண்டியது. அது வெயிலிலும் இருக்கக்கூடாது, உறையவும் கூடாது. ஐஸ் பாட்டிலோடு நேராக ஒட்டி வைத்தால் உறைந்து வீணாகும். துண்டில் சுற்றி, ஒரு சின்ன டப்பாவில் போட்டு, ஐஸ் பெட்டியின் மேல் பகுதியில் வையுங்கள். நிறுத்தி இறங்கும்போது மருந்துப் பையும் கூடவே இறங்க வேண்டும். உப்புச் சர்க்கரைக் கரைசல் பாக்கெட் ஐந்தாறு இருக்கட்டும். பெரிய பாக்கெட்டை முழுதாக ஒரு லிட்டர் தண்ணீரில் கலக்க வேண்டும், பாதி பாக்கெட் பாதி தண்ணீர் என்று கண்ணளவில் பிரிக்கக்கூடாது. கலந்தது 24 மணி நேரத்துக்குத்தான்.

நிறுத்திய காருக்குள் லைட்டர், சானிடைசர், அழுத்திப் பீய்ச்சும் சென்ட் டப்பா விடாதீர்கள். அந்த டப்பாக்களிலேயே 50 டிகிரிக்கு மேல் வைக்காதே என்று அச்சிட்டிருக்கும். வெயிலில் நிற்கும் காரின் டேஷ்போர்டு அதைத் தாண்டிவிடும். குழந்தையையோ முதியவரையோ மூடிய காரில் ஒரு நிமிடத்துக்கும் விடக்கூடாது. திரும்பி வந்து ஏறும்போது நாலு கண்ணாடியையும் இறக்கிச் சூட்டை வெளியேற்றிவிட்டு ஏசி போடுங்கள்.

மேலே கேரியர் தேவைதானா?

முடிந்தால் தவிருங்கள். வண்டியின் கூரை தாங்கும் எடை கையேட்டில் இருக்கும், கேரியரின் எடையும் அதில் சேர்த்தி. மைலேஜ் குறையும், வளைவில் வண்டி சாயும். தவிர்க்க முடியவில்லை என்றால் லேசான, பருமனான சாமான் மட்டும் மேலே: மெத்தை, தலையணை, துணி. தார்ப்பாயை முன்பக்கம் சாமானுக்கு அடியில் மடித்துச் செருகிக் கட்ட வேண்டும். காற்று புகும் வாய் முன்னால் இருந்தால் பத்து கிலோமீட்டரில் கிழித்துவிடும். நைலான் கயிறு ஓட ஓடத் தளரும் என்பதால் செங்கல்பட்டு தாண்டி ஒருமுறை நிறுத்தி இழுத்துக் கட்டுங்கள். வள்ளியூர் தாண்டிக் காவல்கிணறு பக்கம் காற்றாலைகள் சும்மா நிற்கவில்லை. ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று, அதுவும் மே கடைசியிலிருந்து, பக்கவாட்டில் அடிக்கும். கேரியர் ஏற்றிய வண்டி அங்கே 60-க்கு மேல் போக வேண்டாம்.

ஊட்டி அல்லது கொடைக்கானல் போகிறவர்களுக்கு இரண்டு விஷயம். 2024 மே 7 முதல் இரண்டு ஊருக்கும் இ-பாஸ் முறை வந்திருக்கிறது, கிளம்பும் முன்பே எடுத்துவிடுங்கள். ஐந்து லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்கு அங்கே தடை. ஸ்டீல் பாட்டிலோடு போனால் சோதனைச் சாவடியில் வேலை இல்லை.

கிளம்பும் முன்

துணிப்பைகளை முந்தின ராத்திரியே ஏற்றிவிடலாம். உணவு, ஐஸ் பெட்டி, மருந்து மட்டும் காலையில். ஏற்றி முடித்ததும் தெருவைச் சுற்றி ஒரு ரவுண்டு, ஒரு வேகத்தடையாவது தாண்டி ஓட்டிப் பாருங்கள். கடகடக்கும் சாமானும், தரையில் உரசும் அடிப்பாகமும் அங்கேயே தெரிந்துவிடும்.

ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் சீட்டில் டயர் காற்றுக்குப் பல வண்டிகளில் இரண்டு அளவு இருக்கும், ஒன்று இரண்டு மூன்று பேருக்கு, இன்னொன்று முழுச் சுமைக்கு. இரண்டாவதை வையுங்கள், டயர் குளிர்ந்திருக்கும்போது. காற்று குறைந்த டயர் சுமையில் பக்கவாட்டில் மடிந்து மடிந்து நிமிர்வதால் சூடேறும். மேலே வெயில், கீழே கொதிக்கும் சாலை. நெடுஞ்சாலையில் டயர் வெடிப்பதற்கு இதுவே முக்கியக் காரணம். ஓடிச் சூடான டயரில் காற்று நாலைந்து புள்ளி கூடிக் காட்டும். அது இயல்பு, இறக்கிவிடாதீர்கள்.

ஸ்டியரிங்குக்கு வலப்பக்கம் பெரும்பாலும் 0 முதல் 3 அல்லது 4 வரை எண் போட்ட சின்னச் சக்கரம் ஒன்று பல கார்களில் உண்டு. விளக்கின் உயரத்தை மாற்றுவது அதுதான். டிக்கி நிறைந்து பின்பக்கம் அமுங்கும்போது எண்ணைக் கூட்டினால் வெளிச்சம் கீழே இறங்கும். எந்தச் சுமைக்கு எந்த எண் என்று கையேடு சொல்லும்.

விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்பினால் வெயில் உச்சிக்கு ஏறும் முன் திருச்சி தாண்டிவிடலாம்.

திரும்பும்போது

போகும்போது டிக்கியை நூறு சதவீதம் நிரப்பிவிட்டால் வரும்போது மடியில்தான் வைத்துக்கொண்டு வர வேண்டும். மடித்த காலிப் பை ஒன்று அடியில் இருக்கட்டும். கோவில்பட்டிக் கடலைமிட்டாய் ஈரம் பட்டால் நமுத்துப்போகும், இறுக்கமான டப்பா கொண்டுபோங்கள். திருநெல்வேலி அல்வாவின் நெய் சூட்டில் உருகி அட்டைப்பெட்டி வழியாகக் கசியும். ஸ்டீல் டப்பாவுக்கு மாற்றிக் காருக்குள் வையுங்கள். கருப்பட்டியும் வெயிலில் இளகும், செடான் டிக்கி அதற்கு இடமில்லை. கடலில் நனைந்த துணியை உதறி, தனி பிளாஸ்டிக் பையில் கட்டி, அன்று ராத்திரியே காயப்போட வேண்டும். மூடிய டிக்கியில் ஒரு பகல் கிடந்தால் மற்ற துணியிலும் அந்த வாடை ஏறும்.

வீடு வந்து சாமான் இறக்கிய பிறகு, டயர் காற்றைப் பழைய அளவுக்குக் குறைத்து, விளக்குச் சக்கரத்தை 0-வுக்குத் திருப்பிவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த ராத்திரி சாலை பாதி தூரம்தான் தெரியும்.